ஞானத்தாயின் வேண்டுதல்

அரிசி அப்பத்தில் பாதி என் வாய்க்குள் இருந்தபோதுதான் ரொவேனா அதைக் கேட்டாள். முதல் நாள் பூசை முடிந்து, கோயிலுக்குக் கீழே இருக்கும் கூடத்தில் எல்லோரும் காகிதத் தட்டோடு நின்றுகொண்டிருந்தோம். வாழையிலையில் சுட்ட அப்பம், மேலே உப்பு முட்டைத் துண்டு. சுவரெல்லாம் நட்சத்திர விளக்குகள். வெளியே கார்களின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.

"குமாரே, இந்த ஒம்பது நாளும் மிக்கேலாவுக்காகவும் வேண்டிக்க. பெத்தவ வேண்டுறதவிட ஞானத்தாய் வேண்டுனா சீக்கிரமா மேல போய்ச் சேருமாம்" என்றாள்.

வாய் நிறைந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் மகளை ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே ஏந்திப் பிடித்தவள் நான். அன்றிலிருந்து நானும் அவளும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, குமாரே என்றுதான் கூப்பிடுகிறோம். ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய் என்று கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் எனக்குச் சொந்தமாகவும் ஒன்று இருக்கிறதே. என் ஜனினும் அவள் மிக்கேலாவும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. இருவரும் அந்த ஏழு வருடப் படிப்புக்கே விண்ணப்பித்திருந்தார்கள். பள்ளி முடிந்ததும் மூன்று வருடக் கல்லூரி, அப்படியே நேராக நான்கு வருட மருத்துவம், நடுவில் நுழைவுத் தேர்வு என்ற தலைவலி கிடையாது. பதினேழு வயதிலேயே டாக்டர் என்று நெற்றியில் எழுதிவிடுவார்கள். மொத்தம் பத்து இடம். விண்ணப்பம் ஆயிரத்துக்கு மேல். பள்ளியில் வழிகாட்டும் அம்மாள் அக்டோபரிலேயே சொல்லிவிட்டாள், நம் பள்ளியிலிருந்து ஒரே வருடத்தில் இரண்டு பேரை அவர்கள் எடுத்ததாக அவளுக்கு நினைவே இல்லையாம்.

இந்த ஒன்பது நாள் பூசையைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்பது நாளும் ஒன்று விடாமல் பூசை கண்டால், மனதில் நினைத்த ஒரு வேண்டுதல் கிடைக்கும். ஒன்றே ஒன்று. வெளியே சொல்லக்கூடாது. ஒரு நாள் தவறினாலும் போச்சு. ஊரில் இது விடியற்காலை நாலு மணிக்கு நடக்கும். இங்கே நியூ ஜெர்ஸியில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் மாலை ஏழரைக்கு. கடவுளும் இந்த நாட்டுக்கு வந்தபின் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார் என்று என் கணவர் போயெட் சொல்வார்.

ஒரே வேண்டுதல்தான் என்றால் என் வேண்டுதல் எது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதன் முழு வடிவத்தை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. ஜனினுக்குக் கிடைக்கட்டும் என்பது முதல் பாதி. ஒருத்திக்குத்தான் என்றால் அந்த ஒருத்தி ஜனினாக இருக்கட்டும் என்பது இரண்டாம் பாதி. அந்த இரண்டாம் பாதியில் இன்னொரு பிள்ளையின் பெயர் இருக்கிறது. சொல்லாமல் விட்டாலும் இருக்கிறது.

ரொவேனாமேல் எனக்குப் பொறாமை இன்று நேற்று வந்ததல்ல. இருபத்து மூன்று வருடத்துக்கு முன் ஜெர்ஸி சிட்டியில் ஐந்து பெண்கள் ஒரே வீட்டில் பாய்போட்டுப் படுத்த காலத்திலேயே வந்துவிட்டது. நாங்கள் நால்வர் நர்ஸுக்குப் படித்து நர்ஸாக வந்தவர்கள். அவள் எங்கள் தீவு நாட்டில், இலோய்லோவில், அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆறு வருடம் டாக்டராக இருந்தவள். டாக்டருக்கு விசா இல்லை, நர்ஸுக்கு உண்டு என்று தெரிந்ததும், டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி கல்லூரிக்குப் போய் நர்ஸுக்குப் படித்து வந்தாள். எங்கள் ஊரில் அப்படி நிறையப் பேர். இப்போது ஒரே ஆஸ்பத்திரியில், நான்காம் மாடியில் நான் பொறுப்பு நர்ஸ், அவள் எனக்குக் கீழே. காகிதத்தில் அப்படித்தான். ஆனால் நேற்று மீசை முளைத்த டாக்டர் பையன் தப்பான அளவு எழுதினால், "டாக்டர், இவருக்கு கிட்னி கொஞ்சம் மோசம், அளவ இன்னொரு தடவ பாத்துரலாமா?" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்பாள். அவன் திருத்துவான். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு அது தோன்றியிருக்காது என்பதும் தெரியும்.

அம்மாவின் இந்தக் கதையை மிக்கேலா தன் விண்ணப்பக் கட்டுரையில் எழுதிவிட்டாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றிய அம்மா, அதை எடுத்து மாட்டப்போகும் மகள். அதைப் படித்தால் கல்லும் இடம் கொடுக்கும். ஜனின் தன் கட்டுரையில் கணுக்கால் முறிந்ததைப் பற்றி எழுதினாள். காரில் வரும்போது ஒருநாள், "அம்மா, நீ ஏம்மா வெறும் நர்ஸாவே வந்த? நீயும் டாக்டரா இருந்து நர்ஸாயிருந்தா எனக்கும் எழுத ஒரு கதை இருந்திருக்கும்ல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

மின்னஞ்சல் முதல் நாளே வந்திருந்தது, நான் பார்த்தது இரண்டாம் நாள் காலை. அந்தப் படிப்புக்காரர்களிடமிருந்து. மிக்கேலா சந்தோவால் என்ற மாணவி உங்கள் மேற்பார்வையில் நான்காம் மாடியில் இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் தொண்டு செய்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார், கீழே உள்ள படிவத்தை டிசம்பர் 23 மாலை ஐந்து மணிக்குள் நிரப்பி அனுப்பவும், வராவிட்டால் விண்ணப்பம் முழுமையடையாததாகக் கருதப்படும், நேர்காணலுக்கு எடுத்துக்கொள்ளப்படாது. மூன்றே கேள்வி. மணிக்கணக்கு சரிதானா, இதுவரை நீங்கள் பார்த்த மாணவர்களோடு ஒப்பிட்டால் இவர் எந்த இடம், வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா. இரண்டு நிமிட வேலை.

பெற்ற தாய் மேற்பார்வையாளராகக் கையெழுத்துப் போடக்கூடாது என்பதால் ஜனின் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்டு செய்தாள். அவளுடைய தாள்கள் எல்லாம் மாதத் தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டன. "எல்லாம் பச்சையாயிடுச்சும்மா" என்று குதித்தாள். விண்ணப்பப் பக்கத்தில் ஒவ்வொரு தாளும் வந்து சேர்ந்ததும் அதற்குப் பக்கத்தில் மஞ்சள் போய்ப் பச்சை வருமாம். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை. கடவுச்சொல்லைத் தரமாட்டாள்.

ஆக மிக்கேலா என் மாடியில். அவள் எப்படி வேலை செய்தாள் என்று நான் பார்த்திருக்கிறேன். பதினொன்றாம் அறையில் டெலூக்கா என்று ஒரு கிழவர், சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்பவர். இந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, ஊட்டாமல், பேசாமல், தன் பாட்டுக்கு ஒரு ஆப்பிள் சாஸை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். அஞ்சு நிமிஷத்தில் கிழவர் திரும்பி, "அது என்னோடது" என்றார். பிறகு தினமும் என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜனினை எந்தக் கிழவராவது இப்படித் தேடியிருப்பாரா என்று நான் நினைத்துப் பார்த்தேன்.

மின்னஞ்சலைப் படித்துவிட்டு, படிக்காததாக மாற்றி வைத்தேன். அழிக்கவில்லை. அழித்தால் அது பாவம். இது வெறும் வேலைப்பளு. டிசம்பரில் எந்த நர்ஸுக்கு மின்னஞ்சல் பார்க்க நேரம் இருக்கிறது? மூன்றாம் நாள் மறுபடி திறந்து படித்தேன், மறுபடி படிக்காததாக்கினேன். நான்காம் நாளும் அப்படியே. மாலையில் பூசைக்குப் போய் முட்டி போட்டேன். பைக்குள் போன் இருந்தது. போனுக்குள் அது தடித்த எழுத்தில் இருந்தது.

ரொவேனா ஒவ்வொரு நாளும் எனக்கு முன்னாலேயே வந்து, மூன்றாவது பெஞ்சில் தன் கோட்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். கண்ணை மூடினால் திறக்கமாட்டாள். உதடு அசையும். அவள் இவ்வளவு அழுத்தி வேண்டினால் என்னுடையது மேலே போகவே வழி இருக்காதோ என்று தோன்றும். வேண்டுதலில்கூட அவள் டாக்டர், நான் நர்ஸ். படிவத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு வந்திருப்பதே அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

ஆறாம் நாள் கூடத்தில் நூடுல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்த நெனிதா அக்கா எங்கள் இருவரையும் பார்த்து, "என்னடி, ரெண்டு பேரும் டாக்டருக்கு அம்மாவாகப் போறீங்களாம்? யாரு மகளுக்குக் கெடைக்கும்னு நாங்க கூடத்துல பந்தயம் கட்டியிருக்கோம்" என்றாள்.

"யாரு மேல கட்டுனீங்க?" என்று கேட்டாள் ரொவேனா.

"அத சொல்லுவேனா? சொன்னா எனக்கு அப்பம் கெடைக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நெனிதா அக்காவின் கண் ரொவேனா பக்கம் போய் வந்ததை நான் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து நெனிதா அக்காவின் நூடுல்ஸில் உப்பு சரியில்லை.

ஏழாம் நாள் பனி கொட்டியது. ஏழு மணி ஷிஃப்டுக்கு வரவேண்டிய இருவர் பாதை அடைத்துவிட்டது என்று போன் செய்தார்கள். மாற்று ஆள் வரும்வரை பொறுப்பு நர்ஸ் இடத்தைவிட்டு அசையக்கூடாது. அதாவது நான். மணி ஆறேமுக்கால். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆறு நாள் கண்ட பூசை எல்லாம் வீண். ஜனினின் இடம் என் கண்முன்னாலேயே பனியில் கரைந்துகொண்டிருந்தது.

ரொவேனா கோட்டை மாட்டியவள் அதைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"நீ போ குமாரே. நான் இருக்கேன். எனக்கும் பொறுப்பு பாக்குற தகுதி இருக்குல்ல."

"உனக்கும் ஏழாவது நாளுதான? விட்டுப்போச்சுன்னா?"

"விட்டா விடட்டும். நீதான் அவளுக்கு ஞானத்தாயாச்சே. என்னோடதையும் சேத்து நீயே வேண்டிக்க. உன்கிட்டக் குடுத்துட்டேன், அவ்வளவுதான்." சாவிக்கொத்துக்காகக் கையை நீட்டினாள். "சீக்கிரம் போ, ரோடு வழுக்கும். மெதுவா ஓட்டு."

சீக்கிரம் போ, மெதுவாக ஓட்டு. சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினேன். நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

அன்று பெஞ்சில் யாரும் கோட்டுப் போட்டு இடம் வைத்திருக்கவில்லை. கண்ணை மூடினேன். ஜனின் என்று ஆரம்பித்தால் மிக்கேலா என்று வந்தது. மறுபடி ஆரம்பித்தேன், மறுபடியும் அப்படியே. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் கல்யாண மோதிரத்தைக் கழற்றி நர்ஸின் கையில் கொடுப்பார்கள். ஒரு உறையில் போட்டு, ஒட்டி, மேலே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்போம். திரும்பி வந்ததும் முதலில் தருவது அதைத்தான். இந்த ஆஸ்பத்திரியில் இருபத்தோரு வருடத்தில் என் கையில் ஒரு மோதிரம்கூடத் தொலைந்ததில்லை. சிலருக்கு விரல் வீங்கி, நாளெல்லாம் சோப்புப் போட்டுத் திருகிக் கழற்றித் தருவார்கள். ரொவேனா தன் வேண்டுதலை ஒரே இழுப்பில் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அதுவும் யாரிடம்? பூசை முடிந்தபோது நான் என்ன வேண்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. கூடத்துக்குப் போகாமல் நேரே வீட்டுக்குப் போனேன்.

அப்போதும் அனுப்பவில்லை. எட்டாம் நாளும் அனுப்பவில்லை. பொறாமை ஒரே நாளில் வற்றிவிடும் என்பவர்கள் பொறாமைப்பட்டே பார்த்திராதவர்கள். எட்டாம் நாள் ரொவேனா வழக்கம்போல் வந்து வழக்கம்போல் கோட்டைப் போட்டு இடம் பிடித்திருந்தாள். அவளுக்குத்தான் இனி பலன் கிடையாதே, பிறகு எதற்கு வருகிறாள்? அவள் உதடு அன்றும் அசைந்தது.

இருபத்து மூன்றாம் தேதி. மூன்றே முக்காலுக்கு டெலூக்கா கிழவரின் அறையைத் தாண்டிப்போனேன். போன வாரம்தான் மறுபடி வந்து சேர்ந்திருந்தார். "அந்தப் பொண்ணு எங்க?" என்றார். "பரீட்சை, தாத்தா. ஜனவரியில வருவா" என்றேன். ஓய்வறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, கணினியில் மின்னஞ்சலைத் திறந்தேன். நல்ல மனதால் செய்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அடுத்தவள் மோதிரத்தை வைத்துக்கொண்டு என்னால் வேலை பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மணிக்கணக்கு சரியா? சரி. இருநூற்றுப் பன்னிரண்டுக்கு மேலேயே இருக்கும். வேறு ஏதேனும்? ஆப்பிள் சாஸ் கதையை எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியது, அது உண்மை. பிறகு நடுக் கேள்விக்கு வந்தேன். நீங்கள் பார்த்த மாணவர்களில் இவர் எந்த இடம்? ஐந்து கட்டங்கள். மேல் கட்டம், 'நான் கண்டவர்களிலேயே மிகச் சிறந்தவர்.' அதற்குக் கீழே, 'மிக நல்லவர்.' பதினான்கு வருடமாக என் மாடிக்குத் தொண்டு செய்ய வருகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். பதில் என்ன என்று எனக்குத் தெரியும். மவுஸை மேல் கட்டத்துக்குக் கொண்டுபோனேன். அங்கேயே நின்றேன். வெளியே யாரோ மணி அடித்தார்கள், ஏழாம் அறை. என் விரல் ஒரு கட்டம் கீழே இறங்கி அழுத்தியது. 'மிக நல்லவர்.' அதில் என்ன குறை? பொய்யும் இல்லை. யாரைப் பற்றி அப்படிச் சொன்னாலும் சந்தோஷப்படுவார்கள். அனுப்பு என்பதை அழுத்தினேன். நன்றி, உங்கள் பதில் பெறப்பட்டது, இனி மாற்ற இயலாது என்று வந்தது. ஏழாம் அறைக்கு ஓடினேன்.

அன்று மாலையே ஒன்பதாம் நாள் பூசை. கோயிலில் நிற்க இடமில்லை. பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பூசை முடிந்து கூடத்துக்கு இறங்கும்போது என் உடம்பு இலேசாக இருந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இனி ஆண்டவன் பாடு. ஒன்பது நாளும் நான் முடித்தவள். அந்தக் கூடத்தில் முறைப்படி ஒரு வேண்டுதலுக்கு உரிமை உள்ளவர்களில் நான் ஒருத்தி, ரொவேனா இல்லை. அந்த நினைப்பு இனித்தது. மறைப்பானேன், இனித்தது.

மிக்கேலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பள்ளிக் கோட்டின் மேல் பனித்துளிகள். என் வலது கையை எடுத்து, குனிந்து, புறங்கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்களிடம் ஆசி வாங்க எங்கள் பிள்ளைகள் செய்வதுதான். இப்போதெல்லாம் பாதிப் பேர் அவசரத்தில் கையை மூக்கில் இடித்துவிட்டு ஓடுவார்கள். இவள் ஓடவில்லை.

"ரொம்ப நன்றி ஞானம்மா. இன்னைக்குச் சாயங்காலம் பச்சையாயிடுச்சு."

"என்னது பச்சையாச்சு?"

"உங்க ஃபார்ம்தான். ஒம்பது நாளா அது மட்டுந்தான் மஞ்சளா இருந்துச்சு. அம்மா தெனமும் காலைல எழுந்ததும் என் போனத்தான் பாப்பாங்க. நான் வேணா உங்களுக்கு ஞாபகப்படுத்தவான்னு கேட்டேன். வேண்டாம், யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னுட்டாங்க."

ரொவேனாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அரிசி அப்பம் என் வாயில் இருந்தபோதே. ஏழாம் நாள் சாவிக்காகக் கையை நீட்டியபோதும் அன்று காலை அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு வந்தவள்தான் அவள். நான் ரொவேனாவைத் தேடினேன். அவள் பக்கத்திலேயே, ஒரு தட்டில் அப்பத்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்காமலே இருக்க அவளால் முடிந்திருக்கிறது. என் மகள் விஷயமாக இருந்தால் நான் இரண்டாம் நாளே அவள் கழுத்தைப் பிடித்திருப்பேன். அதிலும் அவள்தான் மேலே. வெட்கப்படவேண்டிய இடத்தில் எனக்கு அந்தப் பொறுமையின்மேலேயே பொறாமை வந்தது.

"பனில மெயில்கூட லேட்டாத்தான் வருது போல, குமாரே" என்றாள் ரொவேனா. என்னைப் பார்க்காமலே தட்டை நீட்டினாள். "எடுத்துக்க. உப்பு முட்டை நெறைய இருக்குற துண்டு. ஜனினுக்கும் ஒண்ணு எடு."

எடுக்கவேண்டிய கை மிக்கேலாவிடம் இருந்தது. அவள் இன்னும் நிமிரவில்லை. ஐந்து கட்டங்களில் எது என்று எந்தப் போனிலும் தெரியாது. மஞ்சளும் பச்சையும்தான் தெரியும். அவளுடைய நெற்றி, வெளியே குளிரிலிருந்து வந்தும், வெதுவெதுவென்று இருந்தது. ஒரு கட்டம் கீழே இறங்கி அழுத்தியது இந்தக் கையின் விரல்தான். இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஞானத்தாய் ஆசி சொல்லாமல் கையை விடக்கூடாது என்று சின்ன வயதில் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை மூடி, நான் சொல்லவேண்டிய வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.